உப்பு இறங்க வைத்த கல்

நேற்றுச் சாயங்காலம் வேலம்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மகள் கேட்டாளே என்று ஒரு ஃபாஸ்ட்புட் வண்டி முன்னால் நின்றேன், கண்ணு. வண்டிக்காரர் ஒடிசாக்காரர். நூடுல்ஸைப் புரட்டிக்கொண்டே ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து வாணலியில் கவிழ்த்தார். சூட்டில் பட்டதும் அந்த ஆவி நேரே என் மூக்கில் ஏறியது. கண் கரித்தது. நின்ற இடத்திலேயே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மிணி, "ஏனுங்கக்கா, மயக்கமுங்களா?" என்று கேட்டாள். இல்லீங்க, நெடி என்றேன். பாதி உண்மை.

ஊருக்கெல்லாம் அது வினிகர். உனக்கும் எனக்கும் அது அசிட்டிக். சாயப்பட்டறையில் இருபது வருஷம் அதை முகர்ந்தவள் நான். காலையில் காப்பி வாசனைக்கு முன்னால் எனக்கு அந்த வாசனைதான். ஒருநாளும் அது என்னை ஒன்றும் செய்ததில்லை. இப்போது அது வந்தால் ஒரு கல் ஞாபகம் வருகிறது. நூடுல்ஸ் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும்.

நீ செத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். உன் கல்லைக் கரைத்தது நீ இல்லை. நான்தான். நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. ஒரே வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் அவகாசம் இருந்தது, நான் சொல்லவில்லை.

நீ எங்கள் பட்டறைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லேப் என்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சின்ன அறையில் நான் ஷேடு பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துணித்துண்டுக்கும் நம் சாயத்துக்கும் நிறம் ஒத்து வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிற வேலை. மேனேஜர் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து, இவங்கதான் இனிமேல் சாயத்தண்ணி டெஸ்ட் பண்ணுவாங்க, எம்.எஸ்சி. ஜியாலஜி என்றார். கல்லைப் படித்தவளுக்குச் சாயத்தண்ணியில் என்ன வேலை என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். எனக்கு வாய் அப்படி. நீதான் பதில் சொன்னாய்: "கல்லுக்கு ஆரும் வேலை குடுக்க மாட்டேங்காவ எக்கா."

அந்த 'எக்கா'வில் நான் விழுந்தேன் என்று வை. உனக்கு என் 'ங்க'தான் சிரிப்பு. டீ வாங்கி வரும் பெண்ணுக்கு, மெஷின் ஓட்டுகிற பீகார்க்காரருக்கு, வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட 'அக்கட்டால போங்க' என்று நான் சொல்வதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். மூன்று மாசம் உன்னையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டேன். பிறகு ஒருநாள் நீ சாப்பிடாமல் வேலை செய்துகொண்டிருந்தபோது கோபத்தில் 'வா கண்ணு, சோத்தைத் தின்னு' என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து நீ எனக்குக் கண்ணு.

உன் மேஜைமேல் ஒரு கல் இருந்தது. பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. கோபித்துக்கொள்வாயோ என்று பார்த்தால், அந்தப் பொட்டை ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்தாய். உன் ஊர்க் கடற்கரைக் கல் அது என்று அப்போதுதான் சொன்னாய்.

எங்கள் பக்கத்துக் கல் எனக்குத் தெரியும். திருமுருகன்பூண்டியில் சிலை வடிக்கிற பட்டறைகளைத் தாண்டித்தான் என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். உளி பட்டால் பொறி பறக்கிற கருங்கல். உன் கல்லை நகத்தால் கீறினேன், மாவாகக் கொட்டியது. இதெல்லாம் ஒரு கல்லா என்று கேட்டேன். நீ பழுப்பு நிறப் பாட்டிலிலிருந்து ஆசிட் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட்டாய். சுர்ரென்று பொங்கி நுரைத்தது. மூச்சு விடுது பாத்தியளா என்றாய். சிப்பி, சங்கு, நண்டு ஓடு எல்லாம் பொடிந்து உண்டான கல் என்பதால் அப்படிப் பொங்குகிறதாம். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். ஆசிட் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம்.

மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டே அந்தக் கல்லின் கதையை நீ சொன்னது எத்தனை நாள்! ஒரு நாளில் முடிகிற கதையா அது? நான் துணிக்காரி என்பதால் துணிக் கணக்கிலேயே சொல்வாய். கட்டிங் டேபிளில் துணியைத் தட்டுத் தட்டாக விரிக்கிற மாதிரி, கடலுக்கு அடியில் செத்த சிப்பிகளின் தூள் தட்டுத் தட்டாகப் படியும். பிறகு கடல் பின்வாங்கும். ஏன் வாங்கும் என்று கேட்டேன். உலகம் குளிர்ந்துபோய், தண்ணீரெல்லாம் வடக்கேயும் தெற்கேயும் பனிக்கட்டியாக உறைந்துவிட்டால் கடல் வற்றாமல் என்ன செய்யும் என்றாய். வெளியே வந்த அந்தத் தூளைக் காற்று அள்ளி மேடு மேடாகக் குவிக்கும். உங்கள் பக்கத்துத் தேரி மணல்மேடு மாதிரி. அதன்மேல் மழை பெய்யும்.

இந்த இடம் வந்தால் உன் குரல் தணிந்துவிடும். மழைத்தண்ணீர் சிப்பித் தூளைக் கொஞ்சம் கரைத்துக் கீழே இறக்கும். கீழே போய் அது காயும்போது மணலை மணலோடு ஒட்டிவிடும். "பசை வெளியேருந்து வரல்ல எக்கா. தன்னையே கரைச்சுத் தன்னையே ஒட்டிக்கிடுது" என்றாய். எத்தனை ஆயிரம் மழை பெய்தால் ஒரு மேடு கல்லாகும் என்று நான் கேட்டேன். அதை எண்ணுவதற்குத்தான் படித்தேன், எண்ண விடமாட்டேங்காவ என்று சிரித்தாய்.

கல்லான பிறகு கடல் திரும்பி வரும். அடிவாரத்தில் அலை மோதி மோதிக் குடையும், மேலிருந்து மழைத்தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி உள்ளேயிருந்து அரிக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டி வெட்டி உண்டானவை உங்கள் ஊர்க் குகைகள். பிறகு கடல் மறுபடி இறங்கும், குகை மேலே வறண்டு நிற்கும். இப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நம் பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொட்டுகிற சுண்ணாம்பு மூட்டையைக் காட்டி, இதுவும் ஒரு காலத்துல கடலடியில கெடந்ததுதான் என்றாய். உங்க மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான் எக்கா, இந்தப் பூமி பூராவும் என்னைக்கோ ஒருநாள் தண்ணிக்கடியில கெடந்திருக்கு என்றாய். எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது சில சமயம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்தால் எதைச் செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிடுகிறது.

அந்தத் தைப்பொங்கல் லீவுக்கு உன்னோடு வந்தேன். முதலில் திருச்செந்தூர். எங்கள் வீட்டில் முருகனைப் பார்க்காமல் தெற்கே போகிற வழக்கமில்லை. வள்ளி குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வந்தவள்தான் நான், எத்தனையோ தடவை. அது என்ன கல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அங்கிருந்து உன் ஊர். பேரை எழுதவில்லை, உனக்குத் தெரியும். உன் அம்மா மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள். முருகனைக் கும்பிட்டு வந்த வாயால் இன்றைக்குத் தின்ன மாட்டேன் என்று நான் சொன்னதும், எனக்கென்று தனியாக ரசமும் தேங்காய்த் துவையலும் செய்து போட்டார்கள். இவ வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்ட கல்லுல ஒரு ரூம்பு கட்டலாம் என்று உன்னைப் பற்றி அவர்கள் சொன்னபோது முகமெல்லாம் பெருமை.

மறுநாள் காலையில் கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துக் குகைக்குக் கூட்டிப் போனாய். போகும் வழியில், தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டி 'அது பார்' என்றாய். நானும் பார்த்தேன். 'பாத்துட்டேன், என்ன அங்கே?' என்றேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கடலுக்குள் கிடக்கிற பாறைக்கு உங்கள் ஆட்கள் வைத்த பேரே பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் இந்தக் கல்தான், கடல் இறங்கியிருந்த காலத்தில் கரையாக இருந்தது, இப்போது முங்கிக் கிடக்கிறது என்று சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னாய்.

குகைக்குள் ஈரமணல். சுவரெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை. நீ என் கையைப் பிடித்து உயரத் தூக்கி, என் தலைக்கும் மேலே சுவரில் வைத்தாய். சொரசொரவென்று விரலைக் கீறியது. சிப்பி. ஒரே மட்டத்தில், கோடு போட்ட மாதிரி, குகை முழுக்க வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. சிப்பிக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டத்தில்தான் பிழைப்பு, அதற்கு மேலே அது ஒட்டாது என்றாய். "சிப்பி எங்கன இருக்கோ, கடல் அங்கன நின்னுருக்கு எக்கா. இங்கன, உங்க தலைக்கு மேல." நான் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். தண்ணீர் கணுக்காலில்தான் இருந்தது, இருந்தாலும் எனக்கு மூச்சு முட்டியது.

அந்தச் சிப்பிக்கு வயது பார்த்தால் போதும், கடல் எப்போது அங்கே நின்றது, எப்போது இறங்கியது என்று சொல்லிவிடலாம். அந்தக் கரையில் இதற்கு முன்னால் யாரும் அந்தக் குகையைப் பார்த்து எழுதவில்லை. படித்து முடித்ததிலிருந்து நீ சுமந்துகொண்டு திரிந்த ஆசை அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டபோதெல்லாம், மொதல்ல சிப்பிக்கு வயசு பாத்துட்டு எனக்கு வயசு பாப்போம் என்று வாயை அடைத்துவிடுவாய்.

அடுத்த மழைக்காலத்தில் கடல் உங்கள் தெருவில் நாலு வீட்டை எடுத்துக்கொண்டது. ஊரே கேட்டு, கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். குகை வாசலும் மூடிப்போயிற்று. மூடுவதற்கு முந்தின வாரம் நீ ஓடிப்போய், வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சுவரில் உளி வைத்து, சிப்பியோடு ஒரு துண்டு எடுத்து வந்தாய். ஓர் இட்லி அளவு இருக்கும். அதைப் பனியன் துணியில் பொதிந்து, தோள்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாயாம். குகையை மூடிவிட்டார்களே என்று நான் கொதித்தபோது நீ கோபப்படவில்லை. வீடா குகையான்னு கேட்டா வீடுதானே எக்கா, எங்க அம்மா அந்தப் பாறாங்கல்லுக்குப் பின்னாலதானே இருக்கா என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் பழைய பேராசிரியர் கூப்பிட்டார். கடற்கரை முழுவதையும் அளக்கப் போகிறார்கள், உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், அந்தச் சிப்பிக் கல்லைக் கொண்டு வா, வயது பார்க்கிற மாதிரி இருந்தால் அதை வைத்தே வேலையைத் தொடங்கலாம், இடம் உனக்குத்தான் என்றார். புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். நீ அன்றைக்கு லேப்பில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாய். எனக்கு உள்ளுக்குள் வெசனம்தான், நீ போய்விடுவாயே என்று. ஆனால் அதற்காக நான் அதைச் செய்யவில்லை, கண்ணு. இதை மட்டும் நம்பு.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கல்லை அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் சட்டி ஒன்றில் வைத்து, கேனிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினாய். உப்பு இறங்கணும் எக்கா, திங்கக்கிழமை வரைக்கும் ஊறட்டும் என்று சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த சுடிதாரை வாங்கக் கிளம்பினாய். புதன்கிழமைக்குப் புதுசு.

நான் நேவி ஷேடு ஒன்றை முடித்துக்கொண்டிருந்தேன். பீக்கரை எடுத்துக்கொண்டு உன் மேஜையைத் தாண்டும்போது கை தட்டிச் சட்டிக்குள் சாயம் கொஞ்சம் தெறித்தது. எட்டிப் பார்த்தால் கல்லின்மேல், சிப்பிக்குப் பக்கத்தில், நீலமாகத் திட்டு. அடக் கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் அலசினேன், போகவில்லை. பெரிய மனுஷர் முன்னால் இந்தப் பிள்ளை கறையோடு ஒரு கல்லை நீட்டுவாளா என்று மனசு அடித்துக்கொண்டது.

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவளுக்குக் கை தானாக எங்கே போகும்? துணிக்குச் சாயம் ஏற்றி முடித்தால் கடைசியில் அசிட்டிக்கில் ஓர் அலசு. அப்போதுதான் துணியிலிருக்கிற காரம் போகும், உடம்பில் போட்டால் அரிக்காது. எதில் என்ன கோளாறு என்றாலும் எங்கள் மேஸ்திரி சொல்வது, 'ஒரு அசிட்டிக் குடுங்க, சரியாப் போயிரும்.' எங்கள் வாயில் ஆசிட் வேறு, அசிட்டிக் வேறு. ஆசிட் என்றால் கக்கூஸ் கழுவுவது, கையில் பட்டால் பொசுக்குவது, நீ பழுப்புப் பாட்டிலில் பூட்டி வைத்திருந்தது. அசிட்டிக் என்றால் துணியைச் சாந்தப்படுத்துவது. இரண்டும் ஒரே சாதி என்று இருபது வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சட்டி நிறைய ஊற்றினேன். தண்ணீர் கலக்காமல், தாராளமாக. உனக்கென்றால் எனக்கு எதிலும் தாராளம்தான். கல்லைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. அழுக்கு விடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். மூடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளோடு சேர்ந்து டி.வி. பார்த்தேன்.

திங்கட்கிழமை நான் உள்ளே வரும்போது நீ சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். அடியில் ஒரு கைப்பிடி மணல். சிப்பி இல்லை, கல் இல்லை. நீ அழவில்லை. சட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாய், பிறகு ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக் கேன்களையும் பார்த்தாய். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் அசிட்டிக். இரண்டும் ஒரே மாதிரி. சொன்னாய்:

"கேன் மாறி ஊத்திட்டேன் எக்கா. சுடிதார் வாங்கப் போற அவசரத்துல மாறி ஊத்திட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, "வெசனப்படாத கண்ணு, வேற எடுத்துக்கலாம்" என்றுதான் வந்தது. வேற எங்கேருந்து எக்கா என்று கேட்டுவிட்டு நீ அந்த மணலைப் பாலித்தீன் கவரில் அள்ள ஆரம்பித்தாய். நானும் சேர்ந்து அள்ளினேன். என் விரல் உன் விரலோடு இடித்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை, பயந்துவிட்டேன்.

புதன்கிழமை புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அந்த மணலையும் நாலு போட்டோவையும் எடுத்துக்கொண்டு போனாய். பேராசிரியர் நல்லவர், திட்டவில்லையாம். மணலை வைத்து ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று மட்டும் சொன்னாராம். வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நீ வேலைக்கு வந்து, முதல் காரியமாக இரண்டு கேனிலும் பெரிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டினாய். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கிற டம்ளரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாய். எழுதின ரீடிங்கை மூன்று தடவை சரிபார்ப்பாய். மேனேஜர் உன்னைக் கேலி செய்தார். நான் பார்த்துக்கொண்டே நேவிக்கும் மெரூனுக்கும் ஷேடு பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே பேராசிரியர் மறுபடி கூப்பிட்டார். வேறொரு குகை, வேறொரு கரை, கல்லெல்லாம் அங்கேயே இருக்கிறது, நீ வந்தால் போதும் என்றார். நீ போகவில்லை. ஏன் கண்ணு, கிறுக்கா உனக்கு என்று நான் கத்தினேன். நீ நிதானமாகச் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "என்னை நம்பி ஒரு பொருளைக் குடுக்கப்படாது எக்கா. நான் கரைச்சிருவேன்."

அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய். கல்தான் போயிற்று, நீ போயிருக்கலாம். எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் ஒளித்ததை இப்போது எடுத்துச் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே. முதல் தப்புக்கு அறியாமல் செய்தேன் என்று ஒரு சாக்கு இருந்தது. இரண்டாவதற்கு என்ன இருக்கிறது?

பிறகு உனக்கு மஞ்சக்காமாலை வந்தது. சாதாரணச் சீக்கு என்று பஸ் ஏற்றி ஊருக்குத் தாட்டி விட்டோம். ஒரு மாசம் கழித்து நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண் இரண்டும் மஞ்சள் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ கடலைப் பற்றிப் பேசினாய். "கடல் திரும்பி ஏறுது எக்கா. அந்தச் சிப்பி மட்டத்துக்கு வந்துரும். கொட்டுன பாறாங்கல்லும் நிக்காது, எங்க ஊடும் நிக்காது." என்னோடு பழகிப் பழகி, வீட்டை ஊடு என்று சொல்ல ஆரம்பித்திருந்தாய். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். சீக்கில் கிடப்பவளிடம் எதற்கு, தேறி வரட்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நீ தேறவில்லை.

போன மாசம் திருச்செந்தூர் போனவள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு என்மேல் உயிர். வந்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்தார்கள். கடல் பாறாங்கல்லைத் தாண்டி வந்து போகிறது, பின்சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. உன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர்கள் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நல்லாப் படிச்சா, என்ன பிரயோசனம், கவனம் கிடையாதே என்றார்கள். கையில கெடச்ச பொழப்பை அவளே கரைச்சிட்டாளே என்றார்கள். சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே ஏசிட்டேம்மா, ஆஸ்பத்திரியில வச்சும் ஏசினேன், அவ ஆமாம்மா ஆமாம்மான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா என்று சொல்லி அழுதார்கள்.

அழுது முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்க கூடவேதானம்மா இருந்திய. நீங்களாவது பாத்திருக்கப்படாதா?"

"நான் பாக்கலீங்கம்மா" என்றேன்.

டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று எழுந்தேன். தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் பையில் திணித்து, அடிக்கடி வாங்கம்மா, அவளைத் தெரிஞ்சவங்கன்னு எனக்கு வேற ஆரு இருக்கா என்றார்கள்.

இதை இரண்டாய் மடித்துப் போட ஒரு கவரை எடுத்து, அதில் அவர்கள் விலாசத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். விடிந்தால் தபாலில் போடலாம். போட மாட்டேன், கண்ணு. எனக்கு என்னைத் தெரியும். உன் அம்மாவுக்கு அவர்கள் கண்மூடுகிற வரைக்கும் நீ கவனமில்லாத பிள்ளைதான்.